மேட்டூரில் பதினாறு கண்

சேலத்திலிருந்து மேட்டூர் சென்றடைந்த நம்மை முதலில் மலைக்கச் செய்வது அணையின் நீளமே. 1925-இல் தொடங்கி 1934-இல் நிறைவுற்ற இக்கற்சுவர் 5,300 அடி நீண்டு, 120 அடி வரை காவிரி நீரைத் தேக்குகிறது. இதன்பொருட்டு ஊர்கள் பல மூழ்கின. நீர் நன்கு வற்றுங்கால் பண்ணவாடியருகே பழைய கிறிஸ்தவ ஆலயக் கோபுரங்களும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளிப்படுகின்றன. இரு சமயத்தாரும் ஒருங்கே ஊரிழந்தனர் அல்லவா!

தஞ்சை வயல்களை நாடிச் செல்லும் நீரே வழியில் சுழலிகளைச் சுழற்றி 1937 முதல் மின்சாரமும் தருகிறது.

அணையைக் காப்பது எது? பெருவெள்ளம் சுவரின்மேல் வழிவதில்லை. ஒதுக்கமாய் அமைந்த எல்லிஸ் உபரிநீர்ப் போக்கியில், மக்கள் ‘பதினாறு கண்’ என்றழைக்கும் மதகுகள் வழியே அது வெளியேறுகிறது. சுவர் தப்புகிறது, கீழே உள்ளவை? 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அணை உறுதியாய் நின்றது. முக்கொம்பிலோ, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்தன. மேட்டூரில் கதவு தூக்குமுன் போடும் கணக்கில் அத்தகைய முதிய கட்டடங்களின் வலிமையும் சேர வேண்டுமென்பது நம் கருத்து. முக்கொம்பில் பின்னர் புதிய கதவணை கட்டப்பட்டது.