நெஞ்சு வலி என்று சொன்னேன்

அன்று எனக்கு இருந்தது வயிற்றெரிச்சல். மேல்வயிறு பற்றி எரிந்தது, அது நிஜம். ஆனால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் வாசலில் செவிலியர் "என்ன பண்ணுது?" என்று கேட்டதும், "நெஞ்சு வலிக்குது சிஸ்டர், இடது கை மரத்துப்போகுது" என்றேன்.

அங்கே முதலில் வந்தவருக்கு முதலில் என்கிற ரேஷன் கடை நியாயம் கிடையாது. ஆளின் நிலைமையைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். நடந்து வந்து நன்றாகப் பேசுகிறவன் பச்சை; அவன் காத்திருக்கத்தான் வேண்டும். நெஞ்சு வலி என்றாலோ 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது நடைமுறை. தெரிந்துதான் சொன்னேன்.

ஈசிஜியில் ஒன்றுமில்லை. இனி டாக்டர் ஏதாவது எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. மாரடைப்பின் ஆரம்பத்தில் ஈசிஜி சரியாகவே தெரியலாம். மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோபோனின் ரத்தத்தில் ஏறவும் நேரம் பிடிக்கும். அதனால் இப்போது ஒருமுறை ரத்தம் எடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். அதுவரை மானிட்டர் வைத்த கட்டிலில் கிடக்க வேண்டும். பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், ஆஸ்பிரினைக் கையில் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். கொடுப்பதற்கு முன்பே, "அல்சர் ஏதாவது இருக்கா சார்?" என்றும் கேட்டார். இருந்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு, எரிகிற வயிற்றுக்குள் அதையும் தள்ளினேன்.

நள்ளிரவுக்கு மேல் ஒரு பெரியவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூச்சு விட முடியாமல் முன்னால் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டில் இல்லை. உட்கார்ந்தபடியே ஆக்சிஜன் மாட்டினார்கள். சிலிண்டர் சாய்ந்துவிடாமல் அவர் மகள் பிடித்துக்கொண்டாள். யாரை எழுப்பலாம் என்று டாக்டர் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"வலி இப்ப எப்படி இருக்கு?"

"இன்னும் லேசா இருக்கு டாக்டர்."

உயிர்ப் பயமெல்லாம் இல்லை. பொய் வெளியே வந்துவிடுமே என்ற வெட்கம், அவ்வளவுதான். அவசரப் பிரிவு நெரிசலுக்குப் பெரிய காரணம், மேலே வார்டில் இடம் காலியாகாமல் கீழே இருப்பவர்களை அனுப்ப முடியாததுதான் என்று எங்கோ படித்திருந்தேன். அதைச் சொல்லி மனதைத் தேற்றிப் பார்த்தேன். உண்மையான காரணம்தான், ஆனால் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவன் நான். கடைசியில், கையில் தையல் போட்டுப் படுத்திருந்த ஒரு பையனை எழுப்பி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பெரியவரை அங்கே ஏற்றினார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட்டும் சரியாக வந்தது. இதய மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார்கள், போகவில்லை. இதைவிடக் கேவலமானது பிறகு நடந்தது. அலுவலகத்தில் இதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லித்தந்தேன்: "ராத்திரி ஜி.எச்.சுக்குப் போனா நெஞ்சு வலின்னு சொல்லுங்க, உடனே பார்ப்பாங்க." சிரித்துக்கொண்டு கேட்டார்கள். அல்சரைப் பற்றியும் அந்தப் பெரியவரைப் பற்றியும் அவர்களிடம் மூச்சுவிடவில்லை.