சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஒரு நன்றி மடல்

கட்டுகஸ்தோட்டை



இங்கே, கண்டியில், பிள்ளைகளுக்குச் சைவநெறி படிப்பிக்கும் ஆசிரியர் நான். மருதனார்மடத்தில் பெண்பிள்ளைகளுக்கு நீங்கள் அமைத்த கல்லூரியை நாடே போற்றுகிறது. நான் நன்றி சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத வேறோர் உதவிக்கு.

1900-இல் ஆஸ்துமாவோடு இங்கிலாந்திலிருந்து கொழும்புக்கு வந்தார் அலன் பெனட். சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த நீங்கள் அவரை உங்கள் பிள்ளைகளுக்கு ஆசிரியராக வைத்தீர்கள். ஸ்ரீ பரானந்தர் என்ற பெயரில் அவருக்கு யோகமும் பயிற்றினீர்கள். மறு ஆண்டு அவருடைய நண்பரான மந்திரவாத எழுத்தாளர் அலிஸ்டர் குரோலி வந்தார். இருவரும் கண்டியில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து ஆசனம், பிராணாயாமம், மந்திரம், தாரணை என்று பயின்றார்கள். அந்த ஒக்டோபரில் தமக்குத் தியானம் கைகூடியதாகக் குரோலி பதிந்துவைத்தார். யோகம் பற்றிய அவருடைய எட்டு உரைகள் 1939-இல் நூலாயின.

குரோலி வழியாக இந்தக் கதை இன்னொருவரையும் தொடுகிறது: பெனட்டைப் போலவே 1900-இல் இலங்கைக்கு, தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஜெரால்ட் கார்ட்னர். அவர் குரோலியைச் சந்தித்தது 1947-இல், இங்கிலாந்தில். பின்னாளில் 'விக்கா' என்று பெயர்பெற்ற சமயத்துக்குக் கார்ட்னர் தொகுத்த சடங்கு ஏட்டில் குரோலியின் எழுத்துகள் நிறையவே இருந்தன. கார்ட்னரின் சீடர் டொரீன் வேலியன்ட் அவற்றை இனங்கண்டு பலவற்றை நீக்கி எழுதினார்.

விக்காவில் பெண் தெய்வமும் ஆண் தெய்வமும் இணையாக இருப்பதைக் கண்டு, அது நம் சிவ-சக்தி தந்திரமே என்று சிலர் பெருமைப்படுகிறார்கள். ஒப்புமை ஆதாரமாகாது. ஃபிரீமேசன் சடங்கு, கோல்டன் டோன் என்ற மறைஞானச் சங்கத்தின் மந்திரமுறை, ஐரோப்பியத் தொல்தெய்வங்கள் என்று அதற்கு ஊற்றுகள் பல. தந்திர நூல்களை ஆங்கிலத்தில் பரப்பியவர் கல்கத்தா நீதிபதி ஜோன் வுட்ரோஃப்; அது வேறு வழி. உங்களிடமிருந்து பெனட்டுக்கும் அவரிடமிருந்து குரோலிக்கும் போனது யோகப் பயிற்சி. இல்லாததைச் சேர்க்காமலே அதற்கு நன்றி சொல்லலாம்.

குருவிடம் பெற்றதை, நாடும் சமயமும் வேறான ஒருவருக்கு மறைக்காமல் கொடுத்தீர்கள். யார் கையில் என்னவாகும் என்று கணக்குப் பார்க்கவில்லை. நம் நெறியைப் பூட்டிவைத்துக் காக்கத் தேவையில்லை என்று நான் படித்துக்கொண்டது உங்களிடம்தான். கண்டியில் வளரும் என் மாணவர்களுக்கு இந்த வரலாற்றை, கூட்டாமல் குறைக்காமல், சொல்லிக்கொடுப்பேன். அதுவே நான் செய்யக்கூடிய கைம்மாறு.


கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஓர் ஆசிரியர்