இரண்டு மாதிரிகளுக்கு நடுவே

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள பண்டார் தெங்காராவைச் சுற்றிலும் செம்பனைதான். அங்குள்ள ஓர் ஆலைக்காக நான் எடுத்து நடத்திய வழக்கு ஒரே ஓர் எண்ணைப் பற்றியது. ஒப்பந்தப்படி கச்சா செம்பனை எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ. எனப்படும் தனிக் கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டிவிட்டது என்று சொல்லி, வாங்கிய சுத்திகரிப்பு நிறுவனம் பணத்தை நிறுத்திவைத்தது. எங்கள் ஆய்வுக்கூடப் பதிவேட்டிலோ எல்லா எண்களும் 5க்குக் கீழே இருந்தன.

பதிவேட்டில் பொய் இல்லை. ஆய்வுக்கூட ஊழியரிடம், "அண்ணே, மாதிரி எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டேன். "ஷிப்டுக்கு ஒரு தடவை, தொடக்கத்துல எடுப்போம் சார்" என்றார். லோரி வருகைப் பதிவைக் கேட்டு வாங்கினேன். மழையில் தோட்டத்துச் சாலைகள் கெட்டு, வெட்டிய குலைகள் தேங்கி, மாதிரி எடுத்த பிறகே மொத்தமாக ஆலைக்கு வந்திருந்தன. அடிபட்ட பழத்தில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டும். நீராவியில் அவிக்கும்வரை அது நிற்காது. பழைய குலைகளின் எண்ணெய் இறங்கிய நேரத்தில் எவரும் மாதிரி எடுக்கவில்லை.

எதிர்த்தரப்பு 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவைக் காட்டியது. சரக்கு மாதிரியோடு ஒத்துப்போனால் மட்டும் போதாது, ஒப்பந்தம் சொன்ன விவரத்தோடும் ஒத்துப்போக வேண்டும் என்கிறது அது. அதற்கு எங்களிடம் பதில் இல்லை. சமரசம் பேசுவதே நல்லது என்று கட்சிக்காரரிடம் சொன்னேன்.

விலைக் கழிவோடு மாதிரி எடுக்கும் முறையையும் உடன்பாட்டில் எழுதினோம். குலைகள் ஒரே சீராக வரும் நாளில் இடைவெளி நீளலாம். மழை, இயந்திரக் கோளாறு, தேங்கிய குலை என்றால் மணிக்கு ஒரு மாதிரி. டாங்கர் ஒவ்வொன்றிலும் முத்திரையிட்ட மாதிரி, இரு தரப்புக்கும் ஒவ்வொரு போத்தல்.

1924இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஷூஹார்ட் என்பவர் கட்டுப்பாட்டு வரைபடத்தை வரைந்ததும் இதற்காகத்தான்: வழக்கமான ஏற்ற இறக்கம் எது, காரணத்தோடு வந்த மாற்றம் எது என்று பிரித்தறிய. காரணம் நுழையும் நேரத்தில் மாதிரி எடுக்காவிட்டால் எந்த வரைபடமும் அதைக் காட்டாது.

ஆலை நடத்துவோர் மாதிரி இடைவெளியை ஊழியரின் வசதிக்காக வகுக்கக்கூடாது. ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு எண்ணெய் ஓடும், அத்தனையும் கெட்டால் நட்டத்தைத் தாங்க முடியுமா என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். தாங்க முடியாது என்றால் அந்த இடைவெளி அதிகம்.