கொள்ளும் ஒட்டகமும்

பர்கூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் குரல் பதிவுக்குக் குரல் பதிவிலேயே பதில் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டில் கல்யாணம். காலை 5 மணியிலிருந்து மைக் செட் அலறுகிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு பேசுவோமே, அந்த மாதிரி நீளும். படிக்க நேரமில்லை என்று சொல்லாதே, உனக்கு இன்றைக்கு லீவு என்று எனக்குத் தெரியும்.

முதலில் சேலை விஷயம். இங்கே ஜவுளிக் கடைத் தெருவில் முகூர்த்தக் கூட்டம். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வேன் பிடித்து வந்து இறங்குகிறார்கள். உனக்கு மாம்பழ மஞ்சளில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பார்டர் மட்டும் கொஞ்சம் பகட்டு. உன் மாமியாருக்குப் பிடிக்காது. ஆகவே கட்டாயம் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இப்போது வகுப்புக் கதை. போன மாதம் ஓர் அதிகாரி பார்வைக்கு வந்தார். ஊர், பேர் வேண்டாம். ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும், "தகவமைப்பு என்றால் என்ன?" என்றார். முதல் பெஞ்சுப் பயல் எழுந்து மூச்சு விடாமல் ஒப்பித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எடுத்துக்காட்டு?" "ஒட்டகம் சார்." "வேற?" "ஒட்டகம் சார்." "ஒட்டகத்தைப் பார்த்திருக்கியா?" "இல்ல சார்." அந்த நேரம் ஜன்னல் கம்பியில் ஓர் ஓணான், கழுத்தெல்லாம் சிவப்பேறி, தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வகுப்பு மொத்தமும் அதைத்தான் பார்க்கிறது. அதுவும் ஒரு விடைதான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அவர் போனதும் அந்தப் பயலைக் கூப்பிட்டு, "ஒட்டகத்துக்குத் திமில் எதுக்குடா?" என்றேன். "பாலைவனத்துல தண்ணி கிடைக்காதுன்னு தெரிஞ்சு, ஒட்டகம் திமில வளத்துக்கிச்சு டீச்சர். உள்ள தண்ணி வெச்சிருக்கும்" என்றான். தண்ணீர்க் கதையைச் சரிசெய்வது சுலபம். திமிலில் இருப்பது கொழுப்பு, தீனி கிடைக்காத நாளுக்கான சேமிப்பு. தாகத்தோடு வந்த ஒட்டகம் கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் குடித்துவிடும், ஆனால் அதைத் திமிலில் ஊற்றி வைப்பதில்லை. மணல் காற்றடித்தால் மூக்கை மூடும், வெயிலில் உடம்புச் சூட்டை ஏறவிட்டு வியர்வையை மிச்சம் பிடிக்கும். இதெல்லாம் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அந்த "தெரிஞ்சு வளத்துக்கிச்சு" இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிடிபட்டது. நாமெல்லாம் வகுப்பில் எப்படிச் சொல்கிறோம்? ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது. அந்தக் 'கொள்'தான் குற்றவாளி! தலை வாரிக்கொண்டேன், பொட்டு வைத்துக்கொண்டேன், சேலை எடுத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று தனக்காகத் தானே செய்கிற காரியம். அப்படியே ஒட்டகமும் கண்ணாடி முன்னால் நின்று திமில் வைத்துக்கொண்டது என்றுதானே பிள்ளைக்குத் தோன்றும்? "மாட்டிக்கொண்டேன், இடித்துக்கொண்டேன் எல்லாம் தெரிந்தா செய்கிறோம்?" என்று நீ மடக்குவாய், நீ இலக்கணப் புலி. ஆனால் பத்து வயசுக் காதில் முதலில் விழுவது பொட்டுதான். எங்கள் வீட்டுக்காரரை எழுப்பி இதைச் சொன்னேன். "கொள்ளா? நாளைக்கு ரசம் வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

சரி, அந்தக் கொள்ளை எடுத்துவிட்டு எப்படிச் சொல்லித்தருவது? எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிற அக்கா இருக்கிறார். அவரிடம் ஒரு பை நிறைய வெட்டுத் துணி வாங்கினேன். ரோஸ், நீலம், பச்சை, செங்கல் நிறம். ஒவ்வொன்றிலும் விரல்நகம் அளவுக்கு 20 துண்டு. எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம் செம்மண். தூவிவிட்டு, "நீங்கள்லாம் மைனா. ரெண்டு விரல்தான் அலகு. ஒரு தடவைக்கு ஒரு பூச்சிதான் கொத்தணும்" என்று விசில் அடித்தேன். அரை நிமிஷத்தில் நிறுத்தி எண்ணினால் ரோஸில் மிச்சம் 3, செங்கல் நிறத்தில் 17. தப்பித்தது ஒவ்வொன்றும் ஒரு குட்டி போடுகிறது என்று சொல்லி, அதே நிறத்தில் அத்தனை துண்டு மறுபடி தூவினேன். மறுபடி விசில். மூன்றாவது சுற்றில் ரோஸ் வம்சமே இல்லை. தரையெல்லாம் செங்கல் நிறம், ஆனால் நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது.

"எந்தப் பூச்சியாவது யோசிச்சு மண்ணு கலருக்கு மாறிச்சா?" என்று கேட்டேன். ஒரே தடவையில் நாலைந்து பூச்சி அள்ளிய கள்ளாட்டக்காரன் ஒருத்தன், "மாறல டீச்சர். அது பொறந்ததே அப்படி. என் கண்ணுல படல, அவ்ளோதான்" என்றான். உருமறைப்பு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். யாரையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை.

பக்கத்து வகுப்பு அம்மையார், "இதென்ன, குப்பை பொறுக்குற பாடமா?" என்று வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சாயங்காலம் தனியாக வந்து, மிச்சத் துணி இருந்தால் கொடுங்கள், கால்மிதி பின்ன வேண்டும் என்றார். கொடுத்தேன். உனக்குத்தான் அவரைத் தெரியுமே.

மறுநாள் ஓணானுக்கு வந்தோம். கல்லடிக்குத் தப்பித்த ஓணான் இந்த ஊரில் கிடையாது. கேட்டால், "அது நம்ம ரத்தத்த உறிஞ்சித்தான் டீச்சர் கழுத்து சிவக்குது" என்கிறார்கள். வெள்ளைக்காரனும் அதற்கு ரத்தம் உறிஞ்சி என்றுதான் பெயர் வைத்தான், பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்? இணை தேடும் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் சிவக்கும், அது கல்யாண மாப்பிள்ளை அலங்காரம் என்றேன். சிரித்தார்கள். அன்றைக்கு மட்டுமாவது கல் எடுக்கவில்லை. ஓணான் இன்றைக்கு நிறம் மாறுவதும், பூச்சி வம்சம் தலைமுறை தலைமுறையாக மண் நிறமாக ஆவதும் வேறு வேறு என்று புரியவைக்க மட்டும் இரண்டு நாள் ஆனது.

உனக்குப் பொறாமை வருகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். என் வகுப்பில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, கன்னட வீடு, உருது வீடு என்று நாலும் உண்டு. சுவரில் பல்லியைக் காட்டி, "உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?" என்றேன். தெலுங்கிலும் பல்லி. கன்னடத்தில் ஹல்லி. உருதுவில் சிப்கலி. உடனே ஒரு வாண்டு, "புலிக்கு ஹுலி, பாலுக்கு ஹாலு, பாம்புக்கு ஹாவு!" என்று கண்டுபிடித்துக் கத்தியது. பல்லி எப்படிச் சுவரில் ஒட்டுகிறது என்பதற்கு வந்தோம். பசை இல்லை, விரலடியில் கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன என்றேன். நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் என்னை வெட்கப்பட வைத்தது வலசை. அதைத்தான் மிகக் கடினமான சொல் என்று கடைசியில் வைத்திருந்தேன். ராகி முற்றுகிற பருவத்தில் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை என்று இறங்கி ஓசூர் வரைக்கும் வருவது உனக்கும் தெரியும். செய்தியில் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டவள்தானே நீ? அதைச் சொல்லி, "இதுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கு" என்று நான் பீடிகை போடுகிறேன். வலசை என்று எழுதி முடிக்கவில்லை, தெலுங்கு வீட்டுப் பெண் ஒருத்தி, "டீச்சர், எங்க அம்மம்மா பெங்களூருக்கு வலச போயித்தான் கட்டட வேலை செஞ்சாங்க" என்றாள். கன்னடக்காரப் பிள்ளைகளும், "எங்க வீட்லயும் வலசெதான்" என்றார்கள். தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அந்தச் சொல் தெரியவில்லை! அப்புறம் நான் பலகையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். யானை எதற்கு வருகிறது, அம்மம்மா எதற்குப் போனார், இரண்டும் ஒன்றா என்று அவர்களே சண்டை போட்டு முடித்தார்கள்.

ராஜாஜி ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர், எங்கள் மாவட்டத்துக்காரர் என்று நான் பீற்றிக்கொள்வது உனக்குப் பழக்கம். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள். சேலத்தில் வக்கீலாக இருந்தபோது 1916இல் அவரும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழில் அறிவியல் சொற்கள் உண்டாக்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். பெயர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். அதற்கு ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். அவர் எழுதிய அறிவியல் புத்தகத்துக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர். சங்கத்தின் பெயரைவிட எனக்குப் பிடித்தது அந்தத் திண்ணைதான்.

பர்கூர் மாடு பற்றியும் ஒரு கலாட்டா. சிவப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட அந்த மலைமாட்டின் படத்தைக் காட்டியதும், "நம்ம ஊரு மாடு" என்று கைதட்டினார்கள். அது ஈரோட்டுப் பக்கம் அந்தியூர் மலையிலுள்ள பர்கூர் என்றேன். ஒரு வாரம் என்னோடு பேச்சு சரியில்லை.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி மணி. அந்தக் கள்ளாட்டக்காரன் எழுந்து, "டீச்சர், கண்ணுல படாததுதான் தப்பிக்கும்னா, இவ்ளோ பெரிய தோகையை வெச்சிக்கிட்டு மயில் எப்படித் தப்பிச்சது?" என்றான். எங்கள் வட்டத்தில் மயிலாடும்பாறை என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அதே ஊர். மயிலைத் தினம் பார்க்கிற பிள்ளை கேட்கிறான், நான் முழிக்கிறேன். மணி அடித்துக் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்து தேடினால், டார்வினே இதில் மாட்டிக்கொண்டவர். 1860இல் தன் அமெரிக்கச் சிநேகிதர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், மயில் தோகையைப் பார்த்தாலே தனக்குக் குமட்டுகிறது என்று புலம்பியிருக்கிறார். 1871இல் வந்த புத்தகத்தில் விடையை விரிவாகச் சொன்னார்: பெண் மயில் தேர்ந்தெடுக்கிறது. தோகை பகட்டாக இருக்கிற ஆணுக்குத்தான் சம்மதம், அதனால் வம்சம் வம்சமாகத் தோகை பெருத்தது. நாளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் ஊரில் ஜவுளிக் கடை பார்க்காத பிள்ளை கிடையாது. கடைக்காரர் பாய் மேல் நூறு சேலை விரிக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கிற அம்மா 99ஐத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். அந்தச் சேலைகள்தான் ஆண் மயில்கள், அந்த அம்மாதான் பெண் மயில். பார்த்தாயா, துரத்திவிட்ட 'கொள்' இங்கே திரும்பி வந்துவிட்டது. இந்த இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்னிடம் ஒன்று வேண்டும். வேதாரண்யத்தில் இருக்கிறாய், கோடியக்கரைப் பூநாரை உனக்குக் கொல்லைப்புறம் மாதிரி. அது தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்பதை உன் பிள்ளைகள் எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று எழுது. பாடப்புத்தகச் சொல் வேண்டாம். அதன் ரோஸ் நிறம் தின்கிற பாசியிலும் கூனியிலுமிருந்து வருகிறது என்று சொன்னால் என்ன சொல்கிறார்கள் என்றும் கேள். அப்படியே, மீனின் செவுளுக்கு உங்கள் கரையில் வேறு பெயர் இருந்தால் அதுவும்.

மைக் செட்டில் இப்போது நாதஸ்வரம். சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டார்கள், கிளம்புகிறேன்.

உன்,
பர்கூர்க்காரி

பி.கு. பந்தி முடிந்ததும் கடையை எட்டிப் பார்த்தேன். அந்த மஞ்சள் சேலையைச் சித்தூர்க்கார அம்மா ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். அதே பார்டரில் ரோஸ்தான் மிச்சம். எடுக்கட்டுமா?