ஸ்கேனில் தெரிந்த வளையம்

போன வாரம் எங்கள் தெருவில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவன் வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். நான் போய்ச் சேருவதற்குள் யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவன் அம்மா ஸ்கேன் படத்தோடு வந்து, "மூளையில புழுங்கிறாக ஐயா. நாங்க முட்டைகூடத் தொடமாட்டோமே" என்று அழுதது.

இதே வார்த்தையை 1992-ல் கோட்டையூரில் எங்கள் வீட்டு வளவில் உட்கார்ந்து என் ஆத்தா சொன்னார்.

தம்பி மகளுக்கு அப்போது 13 வயது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலது கை துடிக்க ஆரம்பித்தது, பிறகு நினைவு தப்பியது. எல்லாம் இரண்டு நிமிஷம்தான். ஆனால் வீடே ஆடிப்போய்விட்டது. "வெளியில் மூச்சு விடாதீக, நாளைக்கு யார் பெண் கேட்டு வருவாக" என்பதுதான் ஆத்தாவின் முதல் கவலை. அப்போதெல்லாம் ஸ்கேன் என்றால் எங்களுக்கு மதுரைதான். படத்தில் மூளையின் இடது பக்கம் ஒரு சின்ன வெள்ளை வளையம், சுற்றிலும் கருமையாக வீக்கம். காசநோய்க் கட்டி என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாதிரி வளையத்தைப் பார்த்தால் நம் நாட்டில் அப்போது பெரும்பாலும் அப்படித்தான் சொன்னார்கள்.

காசநோய் மாத்திரை தொடங்கியது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. பிள்ளைக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்தோம். வைத்தோம் என்று ஏன் எழுதுகிறேன், எடுத்து வைத்தவன் நான்தான். படித்தவன், உத்தியோகத்தில் இருந்தவன். மூளைக்குள் இருக்கும் கட்டி டம்ளர் வழியாக ஒட்டாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடத் தோன்றவில்லை.

நாலாம் மாதம் கண் மஞ்சளாகி, சோறு இறங்காமல் போனது. மாத்திரை ஈரலைப் பாதித்திருந்தது. அதற்காகப் போன இன்னொரு டாக்டர்தான் பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது காசநோயாக இருக்கணும்னு இல்லை" என்றார். வேலூர்க் கட்டுரைகளை அவர் படித்திருந்தார்.

வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர்கள் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர், இப்படி வலிப்போடு ஒற்றை வளையம் தெரிந்த நோயாளிகள் சிலருக்கு அந்தக் கட்டியையே எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது காசநோய் இல்லை, நாடாப்புழுவின் இளம்புழு. 1993-ல் அவர்கள் ஒரு கணக்கும் வெளியிட்டார்கள். கட்டி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூளையின் நடுக்கோடு நகர்ந்திருக்கக்கூடாது. தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கக்கூடாது, கைகால் பலவீனம் நாளுக்கு நாள் ஏறக்கூடாது. இவ்வளவும் பொருந்தினால் பெரும்பாலும் புழுதான். மண்டையைத் திறக்காமலே சொல்லிவிடலாம். இதனால் எத்தனை பிள்ளைகள் தேவையில்லாத மாத்திரையிலிருந்து தப்பித்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

ஸ்கேன் வருவதற்கு முன்பு இந்தப் புழுவை எக்ஸ்ரேயில்தான் தேடினார்கள். இந்தியாவில் வேலை பார்த்துத் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலருக்கு ஊர் போய்ப் பல வருஷம் கழித்து வலிப்பு வந்தது. அவர்கள் தொடை எக்ஸ்ரேயில், செத்துப்போன புழுக்கள் சுண்ணாம்பேறி நெல்மணி மாதிரித் தெரிந்தனவாம்.

சரி, சைவக்காரர் வீட்டுக்கு எப்படி வந்தது? ஆத்தாவுக்கு இதுதான் பெரிய அவமானம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பன்றிக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவனுக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். அவன் மலத்தோடு முட்டை வெளியேறும். அது தண்ணீரிலோ, கழுவாத கையிலோ, பச்சைக் கீரையிலோ ஒட்டி நம் வாய்க்குள் போனால், இளம்புழு ரத்தத்தோடு மூளைக்குப் போய்த் தங்கிவிடும். உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் சத்தமே இருக்காது. அது சாகும்போது உடம்பு எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்த வீக்கம்தான் வலிப்பு. அன்றைக்கு எங்கள் ஊருணிக் கரை இருந்த லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால் மேற்கொண்டு நான் கேட்கவில்லை. ஆத்தா மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

காசநோய் மாத்திரை நின்றது, வலிப்பு மாத்திரை மட்டும் தொடர்ந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையத்தைக் காணோம். கல்யாணம் பேசியபோது, ஆத்தா தடுத்தும், தம்பி உள்ளதைச் சொல்லிவிட்டான். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டார் அந்த ஸ்கேன்களை வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். இப்போது அவள் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள்.

தெருப் பையனுக்கு எடுத்திருப்பது எம்.ஆர்.ஐ. வளையத்துக்குள் ஒரு சின்னப் புள்ளி தெளிவாகத் தெரிகிறது. அது புழுவின் தலையாம். அது தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் மற்றவர்களையும் மலப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் நானும் ஒருமுறை சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எழுந்திருக்கும்போது அந்த அம்மா கேட்டது:

"அவனுக்குத் தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா ஐயா?"

"வேண்டாம்மா," என்றேன்.