கொடுத்த பழசும் வாங்கிய பழசும்

எங்க சேரியில் ‘பழசு’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பழஞ்சோறு, பழந்துணி, பழஞ்செருப்பு. ஊர் கழித்துப் போட்டதெல்லாம் எங்க வாசலுக்கு வந்தது. மனுநூலின் 10ஆம் அத்தியாயம் சூத்திரருக்கு மிச்சச் சோற்றையும் நைந்த துணியையும், சண்டாளருக்குப் பிணத்தின் உடையையும் விதித்திருக்கிறது. அந்த நூலைத்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் தலைமையில் எரித்தார்கள்.

ஆகவே, பாட்டுக் கேட்க ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் பழசில் வாங்கலாம் என்று நான் சொன்னதும் அப்பா மறுத்ததில் ஆச்சரியமில்லை. “பழசு நம்ம வூட்டுக்கு வாணாம்மா. கடன வாங்கியாவது புதுசு வாங்கு.” அவர் பேசியது செட்டைப் பற்றியல்ல, மானத்தைப் பற்றி.

ஆனால் ‘கடன்’ என்ற சொல்லைக் காஞ்சிபுரத்தில் அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியுமா? அப்பா கூலிக்குப் பட்டு நெய்தவர். முன்பணம் கொடுத்தே மனுசனைத் தறியில் கட்டிப்போட்ட ஊர் இது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும், இங்கே முன்பணத்துக்காகப் பிள்ளைகள் பட்டுத் தறியில் உழைத்ததை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவு செய்தது. தவணையில் வீட்டுக்கு வரும் புதுசும் அந்த முன்பணத்துக்குப் பங்காளிதான்.

கொடுத்த பழசு வேறு, வாங்குகிற பழசு வேறு. கொடுத்ததைக் கைநீட்டி வாங்கணும், குறை சொல்லக்கூடாது. காசு கொடுத்து வாங்குவதைத் திறந்து காட்டச் சொல்லலாம், பேரம் பேசலாம், வேண்டாமென்று எழுந்து வரலாம்.

சென்னையில் ஒரு ரிப்பேர் கடையில் அதைத்தான் செய்தேன். பாட்டுப் போடாமல் வால்யூமை ஏற்றிப் பார்க்கணும். ‘ஊம்’ என்று பலமாக இரைந்தால் உள்ளே கண்டன்சர் காய்ந்திருக்கலாம். குமிழைத் திருகும்போது கரகரத்தால் பெரும்பாலும் தூசிதான். ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் விரல் பட்டு உதிர்ந்தால், மாற்றும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை கேட்கணும். டிரான்ஸ்பார்மரும் காந்தமும் சுலபத்தில் கெடாது. பழசில் லாபம் அங்கேதான். ஓடித் தேய்கிற சாமான் அப்படியல்ல. கேசட் செட்டில் பெல்ட் தளரும், ஹெட் தேயும்; சிடி பிளேயரில் லேசர் மங்கும். பேட்டரி வைத்த ப்ளூடூத் ஸ்பீக்கரைப் புதுசாக வாங்குவதே மேல்.

செட்டு வந்து ஒரு வாரம் அப்பா அதன் கிட்டவே போகவில்லை. பிறகு ஒருநாள் தெருக்காரர் ஒருவர், “பழைய செட்டாட்டம் இருக்குதே, யாரு குடுத்தா?” என்று கேட்டார்.

“எவனும் குடுக்கல. என் பொண்ணு துட்டு குடுத்து வாங்கியாந்தா” என்றார் அப்பா.