பாட்டு முடிந்த பிறகும்

எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் வீட்டில் பி.சுசீலா ஆண்குரலில் பாடுவார். வெலிமடைக்குப் பக்கத்துத் தோட்டம். துரை பங்களாவிலிருந்து கைமாறி வந்த ஸ்பூல் டேப் ரெக்கோடர் அது. அமெரிக்காவில் விற்பதற்கென்று செய்த ஜெர்மன் மெஷின். 117 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். நம் கரண்டோ 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமர் வைத்தால் வோல்டேஜ் இறங்கும், ஹேர்ட்ஸ் மாறாது. அதனால் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றியது. கொழும்பில் பதிந்து வந்த ஸ்பூலைப் போட்டால் பாட்டு மூன்று சுரத்தானம் இறங்கிவிடும். கப்பியை மாற்றினால் சரியாகும் என்றார் பண்டாரவளையில் ரேடியோ திருத்தும் பாஸ். அந்தக் கப்பிக்கு எங்கே போவது?

அதே மெஷினில் பதிந்து அதிலேயே கேட்டால் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் கிளாக்கருக்குத் தானே பதிகிற ஆசை வந்திருக்க வேண்டும். மாசியில் காமன் கூத்தைப் பதியலாம் என்றார். லயத்தில் கரண்ட் ஏது? கூத்தாடுகிறவர்கள்தான் அவர் வீட்டு விறாந்தைக்கு வந்தார்கள். முற்றத்தில் கூளம் எரித்துத் தப்பைக் காய்ச்சினார்கள். மெஷினின் முகப்பில் ஒரு பச்சைக் கண் உண்டு. சத்தம் ஏற ஏற அதன் இரண்டு பச்சைக் கீற்றும் நெருங்கும். முட்டிக்கொண்டால் பதிவு கரகரக்கும். தப்பின் முதல் அடிக்கே முட்டிக்கொண்டன. "கொஞ்சம் தள்ளி நில்லப்பா" என்றார் கிளாக்கர். தப்புக்காரர் படி இறங்கினார், முற்றத்தைத் தாண்டினார், கடைசியில் கொய்யா மரத்தடிக்கே போய்விட்டார். லாவணி பாடியவர் மட்டும் மைக்குக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது. லாவணி பாடியவருடைய குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வர இன்னும் பல வருஷம் பிடித்தது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள் என்று கேள்வி.

அவர் போன பிறகும் குரல் ஸ்பூலில் இருந்தது. ஆனால் ஸ்பூலுக்குத்தான் தட்டுப்பாடு. ஏழு அங்குல ஸ்பூலில் 1200 அடி டேப். நொடிக்கு மூன்றே முக்கால் அங்குலம் ஓடினால் ஒரு பக்கத்துக்கு 64 நிமிஷம். 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் புது டேப்புக்கு யார் அலைவார்கள்? இலங்கை வானொலியில் நல்ல பாட்டு போனால் இருக்கிற டேப்பின் மேலேயே பதிந்தார்கள். மெஷினில் அழிக்கும் ஹெட் முன்னால் இருக்கும், பதியும் ஹெட் அதற்குப் பின்னால். பழையது போனால்தான் புதியது ஏறும். 1977இல் பொருளாதாரம் திறந்ததும் கசட் குவிந்தது. ஸ்பூல் அலுமாரிக்கு மேலே போனது.

வெலிமடைப் பனியில் பூஞ்சணம் பூத்துக் கிடந்த அந்த ஸ்பூலைத் துடைத்து, வேகம் சரியான வேறொரு மெஷினில் போட்டோம். மெதுவாக ஓடிய டேப்பில் ஏறிய குரல் இப்போது கீச்சென்று விரைந்தது. சுசீலா சின்னப்பிள்ளை ஆகிவிட்டார். கம்ப்யூட்டரில் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்துவிடலாம். பாட்டு முடிந்தது, அறிவிப்பாளர் பேச்சு பாதியில் அறுந்தது, 'டொக்'கென்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் தூரத்தில் தப்பு, கிட்டத்தில் லாவணி. புதிய பதிவு எங்கே நின்றதோ, அதற்கு அப்பால் அழிக்கும் ஹெட் தொட்டிருக்கவில்லை.

சி.வி.வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் ஏற்றினார், சொற்கள் தப்பின. எந்த இடத்தில் இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள் என்பது அச்சில் ஏறாது. அந்த டேப்பில் இருந்த சினிமாப் பாட்டுகள் இன்றைக்கு எல்லார் போனிலும் இருக்கின்றன. லாவணி வேறெங்கும் இல்லை. ஊவாத் தோட்டங்களில் இப்படி எத்தனை அலுமாரிகள் இருக்கும்! யாராவது பழைய ஸ்பூலைப் போட்டுப் பார்த்தால், "சினிமாப் பாட்டுதானே" என்று நிறுத்திவிட வேண்டாம். மறு பக்கத்தையும் திருப்பிப் போட்டு, டேப் கழன்று விழும் வரை ஓடவிடுங்கள்.